கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டைப் பார்த்து இதய அடைப்பின் அளவைச் சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகூட ஜன்னலில் ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே கடிதவுறையைக் கிழித்துப் பார்ப்பார்கள். ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் உடனே கேள்வி வரும்: “இது கூடவா? அடைப்பு இருக்குமா?” பின்னால் வரிசை நிற்கும். பதில் சொல்ல அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இந்த வேலையில் இருந்த காலத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளுக்கு, அந்த அரை நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். பேச்சை எழுத்துக்கு மாற்றியதைத் தவிர, கேள்விகள் கேட்டவர்களுடையவையே.

நான் வைத்தியர் இல்லை. ஓர் எண் எப்படி வருகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுவரைதான் என் எல்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுகிறவரின் பொறுப்பு.

லிபிட் புரொபைல் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரோல் பார்ப்பதும் இதுவும் ஒன்றா?

கொலஸ்ட்ரோல் அதில் ஒரு வரி. லிபிட் புரொபைல் என்பது குருதியில் ஓடும் கொழுப்புகளின் முழுக் கணக்கு: மொத்தக் கொலஸ்ட்ரோல், எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல் என்பது இதைத்தான்), எல்.டி.எல்., வி.எல்.டி.எல்., ட்ரைகிளிசரைட். கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால், குருதியில் அது புரதத்துடன் சேர்ந்த சிறு துணிக்கைகளாகவே பயணம் செய்கிறது. அவற்றில் எல்.டி.எல். துணிக்கைகள் நாடிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடக்கூடியவை. கெட்ட பெயர் அதனால் வந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு விடயம்: பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் எல்.டி.எல். அளந்து எடுக்கப்பட்டதில்லை, கணக்குப் போட்டு எடுக்கப்பட்டது. மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.ஐக் கழித்து, ட்ரைகிளிசரைட்டை 5 ஆல் வகுத்து வருவதையும் கழித்தால் மிஞ்சுவது எல்.டி.எல். ஃபிரீட்வால்ட் என்ற அமெரிக்கரின் பெயரில் 1972 இல் இருந்து வழங்கும் சூத்திரம் இது. மொத்தம் 230, எச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைட் 200 என்றால் எல்.டி.எல். 150. ட்ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரிவராது. அந்தக் கட்டம் வெறுமையாக வந்திருந்தால் ஆய்வுகூடம் மறந்துவிட்டது என்று சண்டைக்கு வராதீர்கள்.

ஓர் இடத்தில் 5.4 என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 209 என்கிறார்கள். எது பிழை?

இரண்டும் ஒன்றுதான். முதலாவது மில்லிமோல் கணக்கு, இரண்டாவது மில்லிகிராம் கணக்கு. கொலஸ்ட்ரோல் என்றால் மில்லிமோலை 38.67 ஆல் பெருக்குங்கள். ட்ரைகிளிசரைட் என்றால் 88.57 ஆல். இந்தப் பக்கத்தில் உள்ள எண்கள் எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

12 மணி நேரம் பட்டினி கிடக்கத்தான் வேண்டுமா? நோன்பு காலத்தில் என்ன செய்வது?

முன்பு கட்டாயம் என்றே சொன்னோம். 2016 இல் ஐரோப்பிய நிபுணர் குழு, வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி அவசியமில்லை என்று அறிவித்தது. சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைட் சராசரியாக 26 அளவில் கூடும், எல்.டி.எல். 8 அளவில் குறையும். அவ்வளவுதான். ஆனாலும் நம் பக்கத்துக் கிளினிக்குகளில் பலர் இன்னும் பட்டினி ரிப்போர்ட்டே கேட்கிறார்கள். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதற்கு அது வசதி. ட்ரைகிளிசரைட் 400 க்கு மேல் வந்தால் பட்டினியோடு மீண்டும் எடுப்பதே முறை. தண்ணீர் குடிக்கலாம். “பால் இல்லாத தேத்தண்ணிதானே, சீனி மட்டும்தானே” என்பது பட்டினியில் சேராது.

நோன்பாளிகளுக்கு இது எளிது. சஹர் என்ற விடியற்காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் உண்ணாததால், அசர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பின் எடுத்தால் பட்டினிக் கணக்கு தானாகவே கிட்டத்தட்டச் சரியாகிவிடும். அந்த நேரத்துக்கு ஆய்வுகூடம் திறந்திருக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் எடுப்பது நோன்பைப் பாதிக்குமா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டியது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள் பரிசோதனைக்காகத் தாங்களாகவே பட்டினியை நீட்ட வேண்டாம். சீனி விழுந்து மயங்கியவர்களை ஆய்வுகூட வாங்கிலேயே படுக்க வைத்திருக்கிறோம்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஓர் அளவு போட்டிருக்கிறது. அதற்குள் வந்தால் நல்லதுதானே?

அந்த அளவு எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா, போன வருடம் இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்களா என்பதெல்லாம் அந்த அச்சு இயந்திரத்துக்குத் தெரியாது. வேறு வருத்தம் ஒன்றும் இல்லாத இளைஞருக்கு எல்.டி.எல். 120 என்பது பேசாமல் விடக்கூடிய எண்ணாக இருக்கலாம். மாரடைப்பு வந்து தப்பியவருக்கு அதே 120 மிக அதிகம்: 2019 ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டி அவருக்கு 55 க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது, அதோடு ஆரம்பத்தில் இருந்ததில் பாதியாகவாவது குறைய வேண்டும் என்கிறது. மாரடைப்பு வராவிட்டாலும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கு 70 க்குக் கீழே.

ஆகவே “நோர்மல்” என்ற சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வைத்தியரிடம் “என்னுடைய இலக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எனக்கு எல்.டி.எல். 190. அப்படியென்றால் இதயக் குழாய் எத்தனை வீதம் அடைத்திருக்கும்?

இந்தப் பக்கம் எழுதப்பட்டதே இந்தக் கேள்விக்காகத்தான். நேரான பதில்: சொல்ல முடியாது. 190 உள்ளவருக்குக் குழாய்கள் சுத்தமாக இருக்கலாம்; 95 உள்ளவருக்கு மூன்று குழாய்களும் அடைத்திருக்கலாம். இரண்டையும் இதய வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

உன்னிச்சைக் குளத்துக்குள் இன்றைக்கு வருகிற தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று ஒரு போத்தலில் பிடித்துப் பார்க்கலாம். அதை வைத்துக் குளத்தின் அடியில் எத்தனை அடி வண்டல் படிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. எத்தனை வருடமாகக் கலங்கல் வந்தது, எந்த மூலையில் தங்கியது என்பது தெரிய வேண்டும். நாடியிலும் கணக்கு அதுதான். எல்.டி.எல். எவ்வளவு உயரம் என்பதோடு, எத்தனை வருடம் அப்படி இருந்தது என்பதும் சேர்ந்துதான் படிவு உண்டாகிறது. அதற்கு மேல் புகைத்தல், பிரஷர், சீனி வருத்தம், பரம்பரை, சிறுநீரக நோய் எல்லாம் சுவரைக் கெடுத்து வேகத்தைக் கூட்டுகின்றன. ரிப்போர்ட்டில் இருப்பது ஒரு காலையின் எண்.

பல நாடுகளில் அஞ்சியோகிராம், அதாவது இதயக் குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கும் படம், செய்தவர்களின் கொழுப்பு அளவுகளையும் அடைப்பின் தீவிரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூட்டமாக எடுத்துச் சராசரி பார்த்தால், எல்.டி.எல். கூடியும் எச்.டி.எல். குறைந்தும் உள்ளவர்களிடம் அடைப்பு அதிகம் என்று சில ஆய்வுகளில் தெரிகிறது; சிலவற்றில் தெளிவாகத் தெரிவதில்லை. தெரிந்த இடத்திலும், தனி ஒருவரின் எண்ணைக் கொடுத்து அவருடைய அடைப்பைக் கணிக்கும் அளவுக்கு அந்தத் தொடர்பு இறுக்கமானது இல்லை. தொடர்பு நலிவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், அஞ்சியோகிராம் மேசைக்குப் போகும்போது பலர் ஏற்கெனவே கொழுப்புக் குளிசை குடித்துக்கொண்டிருப்பார்கள். எண் இறங்கியிருக்கும், பழைய படிவு அப்படியே இருக்கும்.

பிறகு எதற்காக இரத்தம் எடுக்கிறீர்கள்?

கோபத்தோடு கேட்பார்கள், நியாயம்தான். எல்.டி.எல். அடைப்பை அளக்காது, அடைப்பை உண்டாக்கும். அந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கோபம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948 இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் இருந்து கொலஸ்ட்ரோலுக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவு வெளிப்பட்டு வந்தது. ஈரல் எல்.டி.எல்.ஐ எப்படிக் குருதியிலிருந்து பிடித்து எடுக்கிறது என்று கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.டி.எல்.ஐ 39 அளவில், அதாவது ஒரு மில்லிமோல், குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன என்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு.

நோய் வருமுன் இந்த எண் ஆபத்தைச் சொல்கிறது. நோய் வந்த பின் சிகிச்சை வேலை செய்கிறதா என்று சொல்கிறது. அதற்காகத்தான் எடுக்கிறோம்.

வாப்பா மெலிந்த ஆள். கொலஸ்ட்ரோலும் 180 தான். ஆனால் மூன்று குழாய் அடைப்பு என்கிறார்கள். ரிப்போர்ட் பிழையா?

ரிப்போர்ட் சரியாகவே இருந்திருக்கும். அமெரிக்காவில் இதய நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 1 இலட்சத்து 36 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் அளவுகளை 2009 இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எல்.டி.எல். 100 க்குக் கீழே. வாப்பா தனி ஆள் இல்லை.

அதோடு, தென்னாசியர்களிடம் ஒரு தனிப் போக்கு இருக்கிறது. எல்.டி.எல். மிக உயரமாக இருக்காது, எச்.டி.எல். குறைவாகவும் ட்ரைகிளிசரைட் கூடுதலாகவும் இருக்கும், எல்.டி.எல். துணிக்கைகள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரோல் என்ற ஒற்றை எண் இதை மறைத்துவிடும். எச்.டி.எல். 28 ஆக இருந்தால் மொத்தம் 180 என்பது நல்ல எண் இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. ஏனையவர்களுக்கு 59 வயதுக்கு அண்மையில். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு இருப்பதும் நம்மவர்களின் வழக்கமான உடல்வாகு. சாரத்துக்கு மேல் இடுப்புச் சுற்றை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தான் நம் எல்லை.

வாப்பாவின் சீனி, பிரஷர், சிகரெட் பழக்கம், அவருடைய சகோதரர்களுக்கு எந்த வயதில் இதய நோய் வந்தது என்பவற்றைக் கேட்டுப் பார்த்தால் விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மாரடைப்பு வந்து நான்காம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரோல் குறைவு. அப்போ கொழுப்பால் வரவில்லையா?

மாரடைப்பு வந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு எல்.டி.எல். தானாகவே இறங்கத் தொடங்கும். உடம்பு அடிபட்டு நிற்கிற நிலையின் விளைவு அது. பழைய இடத்துக்கு வரச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். கடும் காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகும் இப்படித்தான். ஆகவே வார்ட்டில் முதல் நாளே இரத்தம் எடுத்தார்களா என்று பாருங்கள். அந்த எண்ணுக்கே மதிப்பு. நான்காம் நாள் எண்ணைக் காட்டி “எனக்குக் கொழுப்பே இல்லை” என்று குளிசையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வரியைத்தான் நான் பார்க்க வேண்டும்? ரேஷியோ என்றும் ஒன்று இருக்கிறதே.

ரேஷியோ என்பது மொத்தத்தை எச்.டி.எல்.ஆல் வகுத்தது. 5 க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அதைவிடப் பயனுள்ளதும் காசு செலவில்லாததுமான ஓர் எண் உண்டு: மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.ஐக் கழியுங்கள். மிஞ்சுவது, நாடிச் சுவருக்குள் புகக்கூடிய துணிக்கைகள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ட்ரோல். பட்டினி கிடக்காமல் எடுத்தாலும் இது பெரிதாக மாறாது. ட்ரைகிளிசரைட் கூடினாலும் கணக்குக் கெடாது. இதன் இலக்கு, உங்கள் எல்.டி.எல். இலக்கோடு 30 ஐக் கூட்டியது. சீனி வருத்தக்காரர்களுக்கு எல்.டி.எல்.ஐ விட இதையே நான் முதலில் காட்டுவேன்.

அபோ பி என்ற பரிசோதனை அந்தத் துணிக்கைகளின் எண்ணிக்கையை இன்னும் நேராகச் சொல்லும். எல்லா ஆய்வுகூடங்களிலும் செய்வதில்லை, செலவும் கூட.

நல்ல கொலஸ்ட்ரோல் 32 தான். கூட்டுவதற்கு என்ன குளிசை?

அப்படி ஒரு குளிசை இல்லை. எச்.டி.எல்.ஐ உயர்த்தும் மருந்துகள் வந்தன, எண்ணை உயர்த்தின, மாரடைப்பைக் குறைக்கவில்லை. டோர்செட்ராபிப் என்ற மருந்தின் பெரிய பரிசோதனையை 2006 இல் இடைநடுவில் நிறுத்தினார்கள், மருந்து குடித்தவர்களிடம் இறப்பு கூடியதால். நியாசின் என்ற மருந்தும் 2011, 2014 ஆம் ஆண்டுகளின் இரண்டு பெரிய பரிசோதனைகளில் கைகொடுக்கவில்லை. குறைந்த எச்.டி.எல். ஆபத்தின் அடையாளம், அதை மட்டும் பிடித்து உயர்த்துவதில் பயன் காணவில்லை. சிகரெட்டை விடுவதும், வயிற்றைக் குறைப்பதும், மாலையில் பழைய கல்லடிப் பாலத்தில் கதைத்துக்கொண்டு உலாவுவதற்குப் பதிலாக மூச்சு வாங்க நடப்பதும் எச்.டி.எல்.ஐச் சிறிது கூட்டும். மற்ற எண்களையும் சேர்த்துத் திருத்தும்.

ட்ரைகிளிசரைட் 620. எண்ணெயே சேர்ப்பதில்லை, எப்படி?

இப்படிப்பட்டவரின் இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் பால் நிறத்தில் நிற்கும். குழாயைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் எழுத்துத் தெரியாது. உரியவரைக் கூப்பிட்டுக் காட்டினால் குளிசையை ஒழுங்காகக் குடிப்பார் என்று நினைப்பதுண்டு.

எண்ணெய் மட்டும் காரணமில்லை. மேலதிக சோறு, சீனி போட்ட தேத்தண்ணி, மென்பானம் எல்லாவற்றையும் ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றிவிடும். கட்டுப்படாத சீனி வருத்தமும் மதுவும் முதல் இரண்டு காரணங்கள். தைரொயிட் குறைவு, சிறுநீரக நோய், ஸ்டீரொயிட் மருந்துகளும் உண்டு. 500 ஐத் தாண்டினால் இதயத்துக்கு முன்னர் கணையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். 1000 ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்மையிலேயே பெரிது. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்தால் வீட்டில் இருக்காதீர்கள்.

அப்படியானால் அடைப்பு எவ்வளவு என்று எதுதான் சொல்லும்?

ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. பெரிய அடைப்பு இருந்தும் சரியாக வரலாம். எக்கோ இதயத் தசையும் வால்வும் வேலை செய்கிற விதத்தைக் காட்டும், குழாயைக் காட்டாது. நடைப்பட்டியில் நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி., தசைக்கு இரத்தம் போதாமல் போகிறதா என்று சொல்லும். சி.டி. அஞ்சியோகிராம் குழாயின் சுவரையும் அதிலுள்ள படிவையும் காட்டும். மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் கம்பி செலுத்திச் சாயம் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம்தான் “எத்தனை வீதம், எந்த இடம்” என்பதற்குப் பதில்.

அந்தப் படத்தைப் புள்ளி போட்டு அளக்கவும் முறைகள் உண்டு. கென்சினி முறையில் 50 வீதச் சுருக்கத்துக்கு 2 புள்ளி, 90 வீதத்துக்கு 8, முழு அடைப்புக்கு 32. பிறகு இடத்தைப் பொறுத்துப் பெருக்குவார்கள், இடது பிரதான நாடி என்றால் 5 ஆல். சின்டாக்ஸ் முறையில் 22 வரை குறைவு, 33 அல்லது அதற்கு மேல் கடுமை. ஸ்டென்டா, பைபாஸா என்று தீர்மானிக்க அது உதவுகிறது. இந்தப் புள்ளிகளில் எதற்குள்ளும் கொலஸ்ட்ரோல் எண் வராது என்பதைக் கவனியுங்கள்.

அஞ்சியோகிராமில் 40 வீதம்தான். பயம் இல்லைதானே?

இது வில்லங்கமான இடம். பொதுவாக 70 வீதத்துக்கு மேல், இடது பிரதான நாடியில் 50 வீதத்துக்கு மேல் என்றால்தான் பாரதூரமான அடைப்பு என்று கணக்கெடுக்கிறார்கள். ஆனால் மாரடைப்பு வருவது பெரும்பாலும் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைவதால். அப்படி வெடிக்கும் படிவுகளில் பல, அதற்கு முன் பாதிக் குழாயைக்கூட அடைக்காதவை. போன மாதம் ஓடி விளையாடியவர் திடீரென்று விழுவதன் பின்னணி இதுதான்.

இன்னொன்று: படிவு வளரத் தொடங்கும்போது நாடி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 40 வீத இடத்தைப் படிவு பிடிக்கும்வரை உள்ளே பாதை சுருங்குவதில்லை என்று கிளகோவ் என்பவர் 1987 இல் காட்டினார். சாயம் பாதையை மட்டும்தான் காட்டும். ஆகவே அஞ்சியோகிராமில் 40 வீதம் என்றால் ஸ்டென்ட் தேவைப்படாமல் இருக்கலாம். கொழுப்புக் குளிசை தேவைப்படும். மேலே சொன்ன இலக்கு எண் இங்கேதான் உயிரைக் காக்கிறது.

தேங்காய்ப்பால், இறால், முட்டை, எருமைத் தயிர். இதில் எதை விட வேண்டும்?

நான்கையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்பது நம் ஊர் வழக்கம். தேங்காயில் கொலஸ்ட்ரோல் துளியும் இல்லை. போத்தலில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது ஈரல் எல்.டி.எல்.ஐப் பிடிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. வேறு தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.ஐ 10 அளவில் கூட்டுகிறது என்று 2020 இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. புட்டுக்குள் தேங்காய்ப்பூ போடுவதைப் பற்றி நான் சண்டை பிடிக்க மாட்டேன். முதற்பால் விட்ட கறி, சொதி, பொரியல் மூன்றும் ஒரே வேளையில் வருவதுதான் பிரச்சினை.

வாவி இறாலில் கொலஸ்ட்ரோல் அதிகம், நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. உண்ணும் கொலஸ்ட்ரோல் பெரும்பாலானோரின் எல்.டி.எல்.ஐச் சிறிதளவே கூட்டும். இறாலைவிட அது மிதக்கும் எண்ணெயைப் பாருங்கள். முட்டையும் அப்படியே, சீனி வருத்தம் உள்ளவர்கள் சற்றுக் கவனமாக. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில், பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சட்டித் தயிரைச் சீனியோடு தினமும் சாப்பிடுவது இதய நோயாளிக்கு ஆகாது. விருந்து நாளில் ஒரு கரண்டி வேறு கதை. பேக்கரி ரோல்ஸ், பட்டிஸ், கொத்து, மாட்டுக் கொழுப்போடு இறங்கும் புரியாணி பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்டால் அவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

குளிசை குடித்து எல்.டி.எல். 68 ஆகிவிட்டது. இனி நிறுத்தலாமா?

68 இருப்பது குளிசை இருப்பதால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண் திரும்பும். ஸ்டட்டின் குளிசைகள் ஈரலில் கொலஸ்ட்ரோல் உற்பத்தியை அடக்குகின்றன. ஜப்பானியரான அகிரா எண்டோ 1970 களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து முதலாவதைக் கண்டெடுத்தார். 1994 இல் 4444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டட்டினைப் பரிசோதித்தபோது இறப்பு 30 வீதம் குறைந்தது. அந்தப் பலன் விடாமல் குடித்தவர்களுக்குரியது.

தொடங்கியோ அளவு மாற்றியோ 4 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் இரத்தம் எடுத்தால் போதும். ஒவ்வொரு மாதமும் எடுப்பது வீண். ஒரே ஆளின் எண் எந்த மாற்றமும் இல்லாமலே 10 வீதம் ஏறி இறங்கும். அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் 6 வீதம் அளவிலேயே குறையும். அதனால்தான் சிலருக்கு எசெட்டிமைப் என்ற இரண்டாவது குளிசையைச் சேர்க்கிறார்கள்.

அந்தக் குளிசை ஈரலைக் கெடுக்கும், கால் உளையும் என்கிறார்களே?

ஈரல் பரிசோதனையில் சிறிய ஏற்றம் வரலாம். மூன்று மடங்குக்கு மேல் போவது அரிது. சீனி வருத்தம் வரும் வாய்ப்புச் சிறிது கூடும், அது உண்மை; இதய நோயாளிக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. கால் உளைவைப் பொறுத்தவரை 2020 இல் ஒரு சுவையான பரிசோதனை வெளிவந்தது: உளைவால் குளிசையை விட்டவர்களுக்குச் சில மாதம் உண்மையான குளிசை, சில மாதம் வெறும் குளிசை, எது எதென்று சொல்லாமல் கொடுத்தார்கள். உண்மையான குளிசையில் வந்த தொல்லையில் 90 வீதம் வெறும் குளிசையிலும் வந்தது. ஆனால் உடம்பெல்லாம் கடும் வலி, கறுத்த சிறுநீர் என்றால் உடனே காட்டுங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பமாக எண்ணியிருப்பவர்களும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எல்.டி.எல்.ஐக் குறைத்தால் இருக்கிற அடைப்பு கரைந்துவிடுமா?

மிகத் தாழ்வாகக் கொண்டுவந்தால் படிவு சற்றுச் சுருங்குகிறது என்று குழாய்க்குள் ஒலி அலை செலுத்திப் பார்த்த ஆய்வுகள் காட்டின. சில வீதம்தான். 80 வீதம் 20 வீதமாக ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி ஆக்கித் தருவதாகச் சொல்லும் கசாயத்தையும் நம்பாதீர்கள். பெரிய இலாபம் வேறிடத்தில்: படிவின் மேல்மூடி தடித்து, உள்ளே உள்ள கொழுப்புக் கூழ் குறைகிறது, வெடிப்பது அரிதாகிறது. எண் இறங்கியும் அடுத்த அஞ்சியோகிராமில் அதே வீதம் தெரிந்தால் குளிசை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

ரிப்போர்ட் நல்லது. ஆனால் படியேறினால் நெஞ்சு இறுகுகிறது. காஸ்ட்ரிக்தானே?

ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு இதய வைத்தியரிடம் போங்கள். நடக்கும்போது வந்து நின்றால் அடங்கும் இறுக்கம், எண் எதுவாக இருந்தாலும் இதயமாக இருக்கலாம். ஓய்விலும் விடாமல் இறுகி, கை, தாடை, முதுகுக்குப் பரவி, குளிர்ந்த வியர்வை வந்தால் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் களைப்பும் ஓங்காளமும் மட்டும் வரலாம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சில மணி நேரம் இருக்கச் சொன்னால் இருங்கள். அந்த நேரத்தில் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டைத் தேடி அலுமாரியைக் கிளற வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு 44 வயதில் மாரடைப்பு. எனக்கு 24. இப்போதே சோதிக்க வேண்டுமா?

ஆம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை 1953 இல் வெட்டிப் பார்த்தார்கள். சராசரி வயது 22. முக்கால் பங்குக்கு மேற்பட்டோரின் நாடிகளில் படிவு தொடங்கியிருந்தது. வேறு காரணம் இல்லாமல் எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருந்தால், பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். உலகில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குதிக்கால் தசைநாணில் தடிப்பு, 45 வயதுக்கு முன் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் என்பவை அதன் அடையாளங்கள். ஒருவரிடம் கண்டால் சகோதரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டும்.

அதோடு லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒன்றும் உண்டு. லிபிட் புரொபைலில் வராது. தனியாகக் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுவதால் வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடியவர் என்று கொள்வார்கள். இந்த வசதி எங்கே உண்டு, எவ்வளவு கட்டணம் என்பது இடத்துக்கு இடம் மாறும். கொழும்புக்கு அனுப்பிச் செய்வதும் உண்டு, ரிப்போர்ட் வரச் சில நாள் பொறுங்கள். அதுவரை காத்திராமல் சாதாரண லிபிட் புரொபைலை இந்தக் கிழமையே எடுத்துவிடுங்கள்.